கொழும்பில் ஓர் அறை: முஸ்லிம் வாடகைக்காரரின் எழுதப்படாத வரலாறு

கொழும்பு முஸ்லிம்களைப் பற்றி நம்மவர்கள் எழுதிய வரலாறுகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் பள்ளிவாசல் கட்டியவர்கள் இருக்கிறார்கள். மாணிக்க வியாபாரிகள், சட்டசபைக்குப் போனவர்கள், கல்லூரிக்குக் காணி கொடுத்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த மாளிகைகளின் பெயர்களும் பதிவாகியிருக்கின்றன. மாதம் பிறந்தால் வாடகைக் காசை எண்ணிக் கொடுத்தவர் மட்டும் அங்கே இல்லை. ஆனால் கொழும்புக்கு வந்த முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் அவர்தான். அவர் எங்கே தங்கினார், அந்த இடத்தை எப்படித் தேடிப் பிடித்தார், அவரைக் காத்தது சட்டமா, சமூகமா என்ற கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வியாபாரம் உண்டு, வீடு இல்லை

ஒல்லாந்தர் ஆட்சியில் கொழும்புக் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு வைத்திருப்பதற்குத் தடை இருந்தது. அந்நியர் என்ற கணக்கில் 'உழியம்' என்ற கட்டாய வேலையும் அவர்கள் மேல் சுமத்தப்பட்டது. பண்டம் விற்க ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் இரவில் எங்கே படுப்பார் என்பது ஆட்சியாளருக்குத் தேவையில்லாத விடயம். ஆங்கிலேயர் காலத்தில், 1832இல்தான் அந்தச் சொத்துத் தடை நீக்கப்பட்டது. அதன் பிறகு காசுள்ளவர்கள் புறக்கோட்டையில் கட்டிடங்கள் வாங்கினார்கள். காசில்லாதவர்கள் அந்தக் கட்டிடங்களில் குடியிருந்தார்கள். நமது சமூகத்துக்குள்ளேயே வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற இரண்டு தரப்புகள் கொழும்பில் உருவான கதை இங்கிருந்து தொடங்குகிறது.

கொம்பனித்தெருவின் கதை வேறு. ஒல்லாந்தர் அடிமைகளை வைத்திருந்த அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்ற பெயர் நிலைத்தது. அங்கே மலாய்ச் சிப்பாய்களும் அவர்களது குடும்பங்களும் வேரூன்றினார்கள். வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் எழுந்தது. மலாய்க்காரர் பெருமளவில் பணியாற்றிய இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டதும் படைச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. மலே வீதி, ஜாவா லேன், ரைபிள் வீதி என்ற பெயர்கள் அந்தப் பழைய நாட்களின் மிச்சம்.

1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்புத் துறைமுகத்து அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, பத்து வருடங்களில் வேலை முடிந்தது. கப்பல்கள் காலிக்குப் போவதை விட்டுக் கொழும்புக்கு வந்தன. கப்பலோடு வேலையும், வேலையோடு ஆட்களும் வந்தார்கள். அவர்களுக்காக எழுந்தவைதான் நாம் 'தோட்டம்' என்றும் சிங்களவர் 'வத்த' என்றும் சொல்லும் வரிசை அறைகள். ஒரு முற்றம், அதைச் சுற்றி முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், பொதுக் கக்கூஸ். மருதானையிலும் கிராண்ட்பாஸிலும் மாளிகாவத்தையிலும் கொம்பனித்தெருவிலும் முஸ்லிமும் தமிழரும் சிங்களவரும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. அடுத்த வருடமே 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. காற்று வருகிறதா, வெளிச்சம் வருகிறதா, பாதை விட்டிருக்கிறதா என்றெல்லாம் அது பார்த்தது. தேவையான பார்வைதான். ஆனால் அந்த அறையை இடித்தால் அதில் இருந்தவர் அதே வாடகைக்கு வேறெங்கே போவார் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கவில்லை.

கடைத் திண்ணையும் மெத்தையும்

வாடகை கொடுக்கக்கூட முடியாதவருக்குக் கடைதான் வீடு. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வந்த கரையோரச் சோனகர்களும், ஊர்களிலிருந்து கடைக்கு வேலைக்கு வந்த நம்முடைய பொடியன்மாரும் புறக்கோட்டையில் கடையை அடைத்த பிறகு அங்கேயே பாய் விரித்தார்கள். மேலே மெத்தை இருந்தால் அது பாக்கியம். சாப்பாடு முதலாளியின் சட்டியில். தொழுகை பக்கத்துப் பள்ளியில். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டைப் பள்ளி அந்த மனிதர்களின் பள்ளி. அதன் சிவப்பு வெள்ளைச் சுவரைப் படம் பிடிக்க இன்று உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். அங்கே தொழுதவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இதில் ஒரு கசப்பும் உண்டு. இடம் கொடுத்தவரே சம்பளமும் கொடுத்தார். வேலை போனால் படுக்கையும் போகும். அதனால் முதலாளியோடு முரண்பட அந்தப் பொடியனால் முடியாது. சமூகம் ஆதரித்தது என்று நாம் பெருமையாகச் சொல்லும் கதைகளுக்குள் இந்தக் கட்டும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

உள்ளே இருந்தவரும் வெளியே நின்றவரும்

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. சனம் ஊர்களுக்கு ஓடியது. ஆனால் பட்டாளமும் யுத்த வேலைகளும் நகரத்துக்குள் வந்தன. அந்த வருடம் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச்சட்டம் பிறந்தது. 1948இன் 29ஆம் இலக்கச் சட்டம் அதைத் தொடர்ந்தது. 1941 நவம்பர் மாதக் கணக்கை அடிப்படையாக வைத்து 'நியம வாடகை' நிர்ணயிக்கப்பட்டது. நினைத்தபடி வாடகையை ஏற்றவோ ஆளை எழுப்பவோ வீட்டுக்காரரால் முடியாமல் போயிற்று.

1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இந்தப் பாதுகாப்பை இன்னும் இறுக்கியது. வாடகைக்காரர் மௌத்தாகிப் போனாலும் அவரோடு இருந்த குடும்பத்துக்கு அந்த உரிமை போய்ச் சேரும். மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவது குற்றம். 'கீ மணி' கேட்பதும் குற்றம். அடுத்த வருடம் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கு எல்லை போட்டது. தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டினால் எத்தனையோ அத்தனை. மிஞ்சிய வீடுகள் அரசின் கைக்குப் போயின. தலைமுறைகளாக வாடகை கொடுத்து வந்த பல குடும்பங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஆயின. அது சிறிய காரியமல்ல. அந்தச் சட்டங்கள் இல்லாவிட்டால் மருதானையில், புதுக்கடையில் இன்றிருக்கும் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் அங்கே நிலைத்திருக்க முடியாது.

ஆனால் சட்டம் காத்தது உள்ளே இருந்தவரை. ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவருக்கு அது என்ன செய்தது? ஒருமுறை ஆள் குடியேறினால் எழுப்ப முடியாது என்று கண்ட வீட்டுக்காரர்கள் புதிதாக வாடகைக்கு விடத் தயங்கினார்கள். வாடகைக்கென்று வீடு கட்டுவதும் குறைந்தது. ஆகவே புதிதாக வந்தவர் வீட்டுக்காரரிடம் போகவில்லை. ஏற்கனவே வாடகைக்கு இருந்தவரிடம் போனார். முன் ஹோலைத் தடுத்து ஓர் அறை, பின் விறாந்தையில் ஒரு கட்டில். அங்கேதான் சிக்கல். வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், வாடகைக்காரரையே எழுப்புவதற்கு அது காரணமாகிவிடும். எனவே துண்டு எழுத மாட்டார்கள். யாராவது கேட்டால், "நம்மட சொந்தக்காரப் பொடியன், படிக்க வந்திரிக்கான்" என்பதுதான் பதில்.

அந்த ஒரு வசனத்தில் கொழும்பு அறைவாசிகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. அவர் காசு கொடுத்தார், ஆனால் வாடகைக்காரர் அல்லர். பல வருடம் இருந்தார், ஆனால் பெயர் எங்கும் இல்லை. நமது வரலாற்று நூல்களில் அவர் இல்லாமல் போனதற்கு எழுதியவர்களின் அக்கறையின்மை மட்டும் காரணமல்ல. அவர் இருந்ததற்கு அத்தாட்சி இருக்கக் கூடாது என்பதே அவர் அங்கே இருப்பதற்கான நிபந்தனை.

ஹொஸ்டல் என்ற விதிவிலக்கு

பெயர் பதிந்து, மதிப்போடு தங்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. அது 1892இல் தொடங்கிய மருதானை ஸாஹிராவின் விடுதி. ரீ.பி. ஜாயா அதிபராக இருந்த காலத்திலும், 1948 முதல் 1961 வரை ஏ.எம்.ஏ. அஸீஸ் அதிபராக இருந்த காலத்திலும் கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து தங்கிப் படித்தார்கள். அஸீஸ் யுத்த காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். வயல்கார வீட்டுப் பிள்ளைக்கு அறிவு போதாமல் இல்லை, வழிதான் இல்லை என்பதை அங்கே நேரில் பார்த்தவர். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் நிறுவியதை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பாடசாலைக் கட்டணம் ஒரு பங்கு என்றால், தலைசாய்க்க இடமும் மூன்று நேரச் சாப்பாடும் இன்னொரு பங்கு. ஒரு தலைமுறை முஸ்லிம் உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் உருவானதில் விடுதிக் கட்டிலுக்கும் பங்குண்டு.

அடையாள அட்டை கேட்ட காலம்

1980இல் சட்டம் மாறியது. அந்த வருடம் தொடக்கத்துக்குப் பின் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு பொருந்தாது என்றானது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அனெக்ஸ்களும் மாடி அறைகளும் பெருகின. அறை கிடைத்தது, வாடகை சந்தையின் கைக்குப் போனது.

அதோடு யுத்தமும் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்குப் போக, ஒரு பகுதியினர் கொழும்பில் அறை தேடினார்கள். தமிழ் பேசுகிறவர் என்றாலே வீட்டுக்காரர் யோசித்த காலம் அது. எங்கே பிறந்தீர், என்ன வேலை, பொலிஸில் பதிந்தீரா என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் வாடகைப் பேச்சு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. துண்டில்லாமல் தங்கும் வாழ்க்கை எவ்வளவு பலவீனமானது என்பதை அன்று எல்லோரும் கண்டார்கள்.

யுத்தம் முடிந்த பின் இடம் தேடி வந்தது பெருமுதல். 2010 மே மாதம் கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் பின் அந்தப் பகுதியில் பழைய வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகப் போய், கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. எழுப்பப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு அடுக்குமாடி கிடைத்தது. அந்தக் குடும்பங்களின் முன் ஹோலில் கட்டில் போட்டிருந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. பட்டியல் எடுத்தவர்களுக்கு அவர் மறுபடியும் 'சொந்தக்காரப் பொடியன்'தான்.

இன்று செய்யக்கூடியவை

உயர்தரம் சித்தியடைந்து கொழும்புக்குத் தெரிவாகும் பிள்ளைகளைப் பத்துப் பதினைந்து வருடமாகப் பார்த்து வருகிறேன். பாடத்தைப் பற்றி அவர்கள் கேட்பது பிறகு. முதலில், "சேர், தங்குறத்துக்கு இடம் ஏதும் தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் அந்தக் கேள்வியை உம்மாவும் வாப்பாவும் சேர்ந்து வந்து கேட்பார்கள். சரியான இடம் அமையாவிட்டால் சில வீடுகளில் படிப்பே நின்றுவிடும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்தது இந்தச் சுமையில் ஒரு பகுதியை இறக்கியது. எல்லாப் பாடமும் அங்கே இல்லை. எல்லா வேலையும் ஊரில் இல்லை.

கொழும்பில் பள்ளிவாசல்களுக்கு உரிய வக்பு கட்டிடங்கள் இருக்கின்றன. 1956இன் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் அவற்றுக்கு நிர்வாகமும் கணக்கும் உண்டு. கீழே கடைக்கு விட்டால் மேலே நாலு அறையை, துண்டு எழுதி, பெயர் பதிந்து, கட்டக்கூடிய வாடகைக்கு மாணவர்களுக்கும் சிறு சம்பளக்காரருக்கும் விட முடியாதா? வக்பு செய்த முன்னோரில் பலர் கடைத் திண்ணையில் படுத்து எழும்பியவர்கள் என்பதை நிர்வாகிகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வாடகைத் துண்டுகள், வாடகைச் சபை வழக்குக் கடிதங்கள், ஹொஸ்டல் இடாப்புகள், கடைக் கணக்குப் புத்தகங்கள் இன்னும் சில வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. எந்தத் துண்டும் இல்லாமல் கொழும்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய மூத்தாப்பாமார் இன்னும் சிலர் ஹயாத்தோடு இருக்கிறார்கள். எந்தத் தெரு, எத்தனை பேர் ஓர் அறையில், மாதம் எவ்வளவு, யார் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள் என்று கேட்டு, ஆண்டோடு எழுதி வையுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்பதற்கு ஆளிருக்காது.