குறிப்புக் கலத்தில் எழுதாமல் விட்டது



சென்ற வாரம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கைப்பேசியும் கையுமாக வந்தார். "சார், நீங்க தாலுக்கா ஆபீசுல இருந்தவரு. இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அவருடைய நஞ்சை நிலத்தின் பட்டா திரையில் இருந்தது. அவர் பெயர் சரியாக இருந்தது. தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பா பெயர் இருந்தது. "எப்போதிலிருந்து இப்படி?" என்றேன். "யூ.டி.ஆர்.லேர்ந்தே இப்படித்தான் சார். இப்ப கம்ப்யூட்டர்லயும் அப்படியே வருது" என்றார்.

அவர் போன பிறகு பழைய நினைவுகள் வந்தன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழ் வீட்டில் பேசியதுதான். 1974-ல் தமிழக அரசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, மொழித் தேர்வு எழுதித் தேறினேன். அ பதிவேடு, அடங்கல், சிட்டா, பசலி, ஜமாபந்தி என்ற சொற்களையெல்லாம் அலுவலகத்தில்தான் கற்றேன். என் முதல் தலைமை எழுத்தர் என்னிடம் ஒரு தடித்த கட்டைக் கொடுத்து, "இது ஸ்டாக் ஃபைல். உனக்கு முன்னால இந்த சீட்டுல இருந்தவங்க தெரிஞ்சுகிட்டதெல்லாம் இதுல இருக்கு. நீ தெரிஞ்சுக்கறதையும் இதுல சேர்த்து வை" என்றார். அரசாணைகளும் பழைய முடிவுகளின் நகல்களும் அதில் இருந்தன. ஆள் மாறினாலும் இருக்கை மறக்கக் கூடாது என்பதற்காக, வெள்ளைக்காரன் காலத்து டாட்டன்ஹாம் முறையில் வந்த ஏற்பாடு அது.

இந்த ஏற்பாடு ஆங்கிலேயரோடு தொடங்கியதல்ல. சோழர் கல்வெட்டுகளில் புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி என்று அதிகாரிகளின் பெயர்கள் வருகின்றன. அரசன் வாய்மொழியாகச் சொன்னதை ஓலையில் எழுதி, வரிக் கணக்கில் ஏற்றி, பிறகு கோயில் சுவரில் வெட்டினார்கள். நம் ஊர் பிரளயகாலேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் சுவரில் உள்ள எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள்.

கிராமத்தில் இந்த அறிவு இருந்த இடம் கணக்கப்பிள்ளையின் வீட்டுத் திண்ணை. எந்த வாய்க்கால் யாருக்கு, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதுவே அவருடைய அதிகாரமும் ஆனது. ஒரு நகலுக்காக ஏழை எத்தனை நாள் அந்தத் திண்ணை ஓரத்தில் நின்றான் என்பதை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவியை ஒழித்தது. 20,000-க்கும் மேற்பட்ட பதவிகள் ஒரே நாளில் போயின. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சமூக நீதிப்படி அது வேண்டிய காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கணக்குப் புத்தகங்கள்தான் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. கணக்கப்பிள்ளையின் தலைக்குள் இருந்தது அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்ற யூ.டி.ஆர். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. பழைய பதிவுகளையெல்லாம் இன்றைய அனுபவப்படி திருத்தி எழுதும் பெரிய வேலை அது. அதன் நடுவில்தான் விவரம் தெரிந்தவர்கள் இல்லாமல் போனார்கள். பெயர் மாற்றங்களும் இனிஷியல் பிழைகளும் நிறைய வந்தன. பின்னர் கணினி வந்தது. நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் மத்திய அரசுத் திட்டம் 1988-89-ல் நாட்டின் எட்டு மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. இன்று 'தமிழ்நிலம்' மென்பொருளில் பட்டா இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடி யாரும் பார்க்கலாம், யார் திண்ணையிலும் நிற்க வேண்டாம். இது சின்னக் காரியமல்ல. ஆனால் கணினி, பதிவேட்டில் இருந்ததைத்தான் வாங்கிக்கொண்டது. பெரியப்பா பெயர் தவறாக இருந்தால் அதையும் அப்படியே வாங்கிக்கொண்டது.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு தாலுக்கா அலுவலகத்தில் இருந்தபோது அண்ணன் தம்பி இருவரின் உட்பிரிவுக் கோப்பு என் மேசைக்கு வந்தது. நிலம் இரண்டாகப் பிரிந்தது, கிணறு அண்ணன் பக்கம் விழுந்தது. தம்பிக்கு அதில் பாதி உண்டு என்று இருவரும் ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார்கள். உத்தரவு ஆனது, பதிவேட்டில் எண்களை ஏற்றினேன். குறிப்புக் கலத்தில் கிணற்றைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கோப்பை முடிக்கும்போது வேலை அவசரத்தில் கே.டிஸ். போட்டேன். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்து வருடம், கே.டிஸ். மூன்று வருடம், எல்.டிஸ். ஒரு வருடம். மூன்று வருடம் கழித்து விதிப்படி கோப்பு அழிந்தது.

பல வருடங்களுக்குப் பின் தம்பி மகன் நகல் கேட்டு வந்தான். பெரியப்பா மகன் தண்ணீர் விடுவதில்லையாம், கோர்ட்டுக்குப் போகப் போகிறானாம். நான் பதிவேட்டைப் புரட்டினேன். எண் இருந்தது, பரப்பு இருந்தது, குறிப்புக் கலம் காலியாக இருந்தது. "கோப்பு அழிக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். யார் அழிக்க வைத்தது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு முறைப் பிறப்புப் பதிவேட்டில் ஓரத்தில் இடம் விட்டிருப்பார்கள். அவன் கல்யாணம் செய்துகொண்டால் அந்த விவரத்தைப் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே எழுதுவார்கள். பின்னால் நடந்தது முன்னால் எழுதியதோடு சேர்ந்தே இருக்கும். இதைச் சிறுவயதில் மேரியில் பார்த்தவன் நான். அப்படியும் அந்த ஒரு வரியை எழுதத் தவறினேன்.

சென்னையில் கணினி நிறுவனத்தில் இருக்கும் என் மருமகன், "இதுக்குப் பேரு நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் மாமா" என்றார். 1995-லேயே நொனாகா, தகேவுச்சி என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார்களாம். வேலை செய்கிறவன் தலைக்குள் இருப்பதை எப்படி எல்லோருக்கும் பொதுவாக்குவது என்பதுதான் விஷயம். என்.ஐ.சி. உருவாக்கிய இ-ஆபீசில் இப்போது அரசுக் கோப்புகள் திரையிலேயே நகர்கின்றன. யார் என்ன குறிப்பு எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார் என்பதெல்லாம் பதிவாகிறது. நல்லது. ஆனால் காரணத்தை எழுத வேண்டியது இன்றும் மேசையில் இருக்கும் ஆள்தான். அவர் எழுதாததைக் கணினி தானாக எழுதாது.

தெருப் பெரியவருக்குத் திருத்த மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய பத்திரம், வாரிசுச் சான்று இரண்டும் இணைத்தாயிற்று. "பெரியப்பா பேரு எப்படி வந்துச்சுன்னும் எழுதட்டுமா சார்?" என்று கேட்டார். தெரிந்ததையெல்லாம் எழுதச் சொன்னேன். உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கிணறு, வாய்க்கால், வழிப்பாதை பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பத்திரத்தோடு வையுங்கள்.