பெயரும் முகவரியும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையைக் காணச் சென்றிருந்தேன். கணிப்பொறிகளை இணைக்கும் இரு கருவிகள் அங்கே ஓர் அலமாரியில் இருந்தன. ஒன்று சுவிட்ச், மற்றொன்று ரூட்டர். இரண்டிலும் கம்பிகள், இரண்டிலும் மினுக்கும் விளக்குகள். இரண்டு எதற்கு என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. அதற்கு விடை அவற்றின் வரலாற்றில் இருக்கின்றது.

1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பார் ஈதர்நெட் முறையை வகுக்கத் தொடங்கினார். அதில் கணிப்பொறிகள் யாவும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று பேசினால் அனைத்தின் செவியிலும் விழும்; இரண்டு ஒருங்கே பேசினால் இரண்டின் சொல்லும் சிதையும். இக்குறையை நீக்க வந்ததே சுவிட்ச். இந்திய வழியினரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் என்பாருடன் நிறுவிய 'கல்பனா' நிறுவனம் 1990இல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது.

கணிப்பொறியின் இணைப்பு அட்டைக்கு அதனைச் செய்தவர் இட்ட எண் ஒன்று உண்டு. அதனைப் பெயர் எனக் கொள்வோம். எப்பெயருடையது எத்துளையிலிருந்து பேசியது என்பதைச் சுவிட்ச் குறித்துக்கொள்ளும். பின்னர் அதற்கு வரும் செய்தியை அத்துளைக்கு மட்டுமே அனுப்பும். அலுவலகத்தில் இன்னார் இன்ன மேசையில் இருப்பார் என்றறிந்து தாளைக் கொண்டுசேர்க்கும் கடைநிலை ஊழியரைப் போன்றது அது.

ஆயின் உலகம் முழுவதையும் இவ்வாறே இணைத்தல் இயலுமோ? இயலாது. பெயர் இடத்தைச் சொல்வதில்லை. உலகத்தார் அனைவர் பெயரையும் எந்த ஊழியரால் நினைவில் வைத்தல் கூடும்? 1972 ஆகஸ்ட் 15இல் நம் அஞ்சல் துறை கொணர்ந்த பின்கோடு முறையை எண்ணிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டிக்கு 601201, திருவள்ளூருக்கு 602001. கடிதங்களைப் பிரிப்பவர் உங்களை அறியார். முன் இலக்கங்களைக் கண்டே திசையறிந்து அனுப்பிவிடுவார். ரூட்டரும் அவ்வாறே ஐ.பி. முகவரியின் முற்பகுதியைக் கண்டு, செய்தியை அடுத்த வலைக்கு ஒப்படைக்கின்றது. அதன் முன்னோடி 1969இலேயே அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் பணிபுரிந்தது. 1995 ஆகஸ்ட் 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, நம் நாட்டுக் கணிப்பொறிகள் கடல்கடந்து பேசியதும் ரூட்டர்களின் துணையாலேயே.

ஆலைக்குள் பொறிகள் தம்முள் பேசிக்கொண்டிருக்க, சென்னையோடு மட்டும் தொடர்பு அற்றுப்போயின், ரூட்டரையும் அதற்கப்பாலுள்ள வழியையும் நோக்குக. ஆலைக்குள்ளேயே பேச்சு நின்றுபோயின், முதற்கண் சுவிட்சை நோக்குக. வேறுபாடு அறிந்தவன் வீணே கம்பிகளைப் பிடுங்கமாட்டான்; ஆலையின் வேலையும் நெடுநேரம் நிற்காது.