நாற்பது வயதில் நிப்பொங்கோ

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில் அமைந்த எங்கள் நெளுக்குளத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்த யுத்தத்தின்போது வவுனியாவிலும் பிரித்தானிய விமானப்படை தளம் அமைத்திருந்தது. ஆயினும் ஜப்பானியர் படை இலங்கையில் கால்வைக்கவில்லை. இங்குள்ள எவரும் அவர்களது மொழியைக் கற்க நேரவுமில்லை. வங்கக் கடலுக்கு அப்பால், மலாயாவில் வாழ்ந்த தமிழரின் கதை வேறு.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊரின் பெயர் 'சியோனான்' ஆயிற்று. ஆண்டு 2602 ஆயிற்று. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு இசைய ஒன்றரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. ஊரையும் காலத்தையும் மாற்றியவர்கள் நாவை மட்டும் விட்டுவைப்பார்களா? அவ்வாண்டு ஜூனில் 'நிப்பொங்கோ வாரம்' கொண்டாடப்பட்டது. 'நிப்பொங்கோ' என்றால் ஜப்பானிய மொழி. சிங்கப்பூரில் அதைக் கற்பிக்கத் திறந்த பாடசாலைக்குத் தலைவராயிருந்தவர் ஜிம்போ கொத்தாரோ என்னும் கவிஞர். அங்கே கற்பித்தவருள் இபுசே மசுஜியும் ஒருவர். ஹிரோஷிமாவின் துயரத்தைக் 'கறுப்பு மழை' என்னும் நாவலாகப் பின்னாளில் எழுதியவர் அவரே. எழுத்தாளரையும் படைக்கு ஆள்பிடித்து அரிச்சுவடி கற்பிக்க அனுப்புவது ஏகாதிபத்தியத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

மாணவனாகிய யாழ்ப்பாணத்து எழுதுவினைஞனை எண்ணிப் பாருங்கள். மிஷன் பாடசாலையில் பெற்ற ஆங்கிலமே அவனுடைய ஒரே முதல். அதை வைத்துத்தான் மலாயாவின் ரயில்வேயிலும் திறைசேரியிலும் உத்தியோகம் பெற்றான். ஊரில் கல்வீடு கட்டினான். நாற்பதைக் கடந்தபின் ஒரே மாதத்தில் அந்த முதல் செல்லாக் காசாயிற்று! கத்தகானாவின் 46 எழுத்துக்களையும் சிறுவனைப் போல் எழுதிப் பழகவேண்டியிருந்தது. பாடசாலையில் அதையே கற்றுவந்த மகனிடம் தந்தை ஐயம் கேட்ட வீடுகளும் இருந்திருக்கும். பரீட்சையில் தேறிய உத்தியோகத்தருக்குப் படி கிடைத்தது. அரிசி அரிதாகிவிட்ட அந்நாளில் அது சிறு காரியமன்று.

மொழியின் அமைப்பு தமிழனுக்கு ஓரளவு கைகொடுத்தது. ஜப்பானிய மொழியிலும் வினை வாக்கியத்தின் இறுதியிலேயே வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வரும். 'ஹோன் ஓ யோமிமாஸ்' என்றால் 'புத்தகத்தை வாசிக்கிறேன்'. இதில் 'ஓ' என்பது நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. சொற்களின் வரிசையும் அதுவே. சீன எழுத்துக்களோ வேறு சங்கதி. அவற்றுக்கு மூன்றரை ஆண்டு போதாது.

தோட்டத் தொழிலாளிக்குப் புத்தகமும் இல்லை, படியும் இல்லை. மேல்நாட்டுச் சந்தை அறுந்ததால் றப்பர் விலைபோகவில்லை. பட்டினி கிடந்தவர்களுக்கு ஆசை வார்த்தை கூறியும், பலவந்தமாகப் பிடித்தும் சயாமுக்கு ஏற்றினார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளத்துக்கு அமைந்த அந்த மரண ரயில்பாதை 1943 ஒக்டோபரில் நிறைவுற்றது. அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. மலாயாத் தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். யுத்தக் கைதிகளுக்கு இருந்த பெயர்ப்பட்டியல் இவர்களுக்கு ஒழுங்காக இருக்கவில்லை. இவர்கள் கற்ற ஜப்பானியம் கட்டளைச் சொல்லும் வசைச் சொல்லுமே. 'பக்கேரோ' என்ற வசை மலாயாவில் நெடுங்காலம் நினைவில் நின்றது.

1945 செப்டெம்பரில் பிரித்தானியர் திரும்பினர். நிப்பொங்கோ பெரும்பாலோரின் நாவிலிருந்து மறைந்தது; எழுதுவினைஞன் மறுபடியும் ஆங்கிலக் கோப்பை விரித்தான். பதினொரு ஆண்டு கழித்து, 1956இல் அரசகரும மொழிச் சட்டம் வந்தபின், இலங்கையில் நடுவயதுத் தமிழ் உத்தியோகத்தர் சிங்களப் பரீட்சைக்கு அமரவேண்டியவராயினர். தேறாதவருக்குச் சம்பள உயர்வு தடைப்பட்டது; பலர் விலகினர். சிங்களம் நம் அயலவரின் மொழி, விரும்பிக் கற்கத்தக்க மொழி. அந்த விருப்பத்தைத்தான் சட்டம் முதலில் கொன்றது.

மலாயாவில் அந்த மொழி நிலைக்காததற்கு வயதைக் குறைசொல்ல முடியுமா? ஒலிப்பில் சிறுவரே வல்லவர் என்பது மெய். இலக்கணத்தைப் பகுத்தறிவதில் முதிர்ந்தவர் பின்தங்குவதில்லை. 1919இல் பிறந்த ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு, அறுபது வயதளவில் சென்னைக்கு வந்து பொன். கோதண்டராமனிடம் தமிழ் பயின்றார். எந்த அரசும் அவரை ஏவவில்லை. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்ற அவருடைய கொள்கையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதைப் பற்றி நாமும் பெருமிதத்தில் மிதக்க வேண்டியதில்லை. ஆனால் 2008இல் மறையும்வரை அவர் தமிழைக் கைவிடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் ஜப்பான் சென்று அவருடன் ஆராய்ந்தனர். ஜப்பானியரின் பழம்பெருந் தொகைநூலாகிய 'மன்யோஷு'வின் பாடல்களை மனோன்மணி தமிழில் தந்தார்.