உலாவிப் பிழைநீக்கக் கருவிகளும் ஏஐ முகவர்களுக்கான ஆவணங்களும்

இணையப் பக்கம் ஏன் மெதுவாகத் திறக்கிறது, பொத்தானை அழுத்தியும் ஏன் அசைய மறுக்கிறது என்று ஆராய உதவுபவை உலாவிப் பிழைநீக்கக் கருவிகள். கன்சோல், நெட்வொர்க் போன்ற பலகங்களாக இவை குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளுக்குள்ளேயே இருக்கின்றன. மனிதக் கண்ணுக்காக உருவான இந்தப் பலகங்களை நிரல் எழுதும் ஏஐ முகவர்களும் இப்போது பயன்படுத்துகின்றன. முகவர் பலகத்தைப் பார்ப்பதில்லை. கருவியைப் பற்றி எழுதப்பட்ட விவரிப்பைப் படித்துத்தான் அதை இயக்குகிறது. அதனால் இங்கே ஆவணமும் கருவியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

2006இல் ஜோ ஹியூவிட் வெளியிட்ட ஃபயர்பக், ஃபயர்பாக்ஸ் உலாவிக்குள் இத்தகைய பலகத்தைக் கொண்டுவந்து பிரபலமாக்கியது. உலாவியை வெளியிலிருந்து இயக்கும் முயற்சி அதற்கும் முந்தியது. அத்தகைய சோதனைக் கருவியான செலினியம் 2004இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் சிகாகோ அலுவலகத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் கையில் பிறந்தது. மென்பொருள் சோதனைத் தொழில் வேரூன்றிய பெங்களூருவில் செலினியம் மாநாடு 2014இல் நடந்தது.

பெங்களூருவின் சொந்தப் பங்களிப்பு சஹி என்ற சோதனைக் கருவி. நாராயண் ராமன் 2005இல் திறமூலத் திட்டமாகத் தொடங்கிய இதை, அந்நகரின் டைட்டோ சாஃப்ட்வேர் நிறுவனம் வளர்த்தது. உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு பிராக்ஸியாக நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு பக்கத்திலும் தன் ஜாவாஸ்கிரிப்டைச் சஹி செருகியது. ஆகவே ஒவ்வோர் உலாவிக்கும் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. அதைவிட முக்கியம், பக்கத்தின் உறுப்புகளை அது அடையாளம் கண்ட விதம். நிரலின் ஆழத்தில் இருக்கும் நீண்ட எக்ஸ்பாத் முகவரியை நம்பாமல், திரையில் தெரியும் பெயரையும் அருகில் இருப்பதையும் வைத்துச் சொல்ல விட்டது: 'ரமேஷ்' என்ற பெயருக்கு அருகே உள்ள 'டெலீட்' இணைப்பு என்பதுபோல. வடிவமைப்பு மாறினாலும் இத்தகைய சோதனை எளிதில் உடையாது. இன்றைய முகவர்களுக்கான கருவிகள் வேறு வழியில் வந்து சேர்ந்திருப்பதும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான். சஹிக்கு அதற்குரிய பேர் கிடைக்கவில்லை.

குரோமின் பலகங்கள் உலாவியோடு பேசும் மொழி 'குரோம் டெவ்டூல்ஸ் புரோட்டோகால்'. வழக்கமாக 9222 என்ற போர்ட்டைத் திறந்து, வெப்சாக்கெட் வழியே ஜேசன் (JSON) வடிவச் செய்திகளைப் பரிமாறினால், எந்த நிரலும் இதைப் பேசலாம். இதன் முழு வரையறையும் இயந்திரம் படிக்கும் வடிவிலேயே கிடைக்கிறது. ஆனால் அதை அப்படியே முகவரிடம் கொடுப்பதில் பயனில்லை. நூற்றுக்கணக்கான கட்டளைகளும், ஒரு பக்கம் திறந்தாலே கொட்டும் நெட்வொர்க் செய்திகளும் முகவரை இயக்கும் மொழி மாதிரியின் நினைவிடத்தை அடைத்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தது, முகவர்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்ற நெறிமுறை. இதை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் பிளேரைட் எம்சிபியும், கூகுளின் குரோம் டெவ்டூல்ஸ் எம்சிபியும் 2025இல் வந்தன. இந்த நெறிமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விவரிப்பு, உள்ளீட்டின் வரையறை ஆகியவை உண்டு. அந்தச் சில வரிகள்தான் முகவருக்குக் கிடைக்கும் கையேடு.

பக்கத்தின் நிலையை அறிய, அதன் உறுப்புகளைப் பெயரோடும் வகையோடும் அடுக்கிக் காட்டும் அணுகல் மரத்திலிருந்து எழுத்து வடிவ நகல் ஒன்றை முகவர் எடுக்கிறது. அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அழுத்து, நிரப்பு போன்ற கட்டளைகள் அந்த எண்ணைச் சுட்டும். பக்கம் மாறிய பின் பழைய எண்கள் செல்லாமல் போகலாம். 'பக்கம் மாறினால் புதிய நகல் எடு' என்று விவரிப்பில் எழுதாவிட்டால், முகவர் பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கும். 'மேலே வலப்புறம் உள்ள சிவப்புப் பொத்தான்' போன்ற மனிதக் கையேட்டு நடை இங்கே உதவாது. எந்த நிலையில் அழைக்க வேண்டும், என்ன திரும்ப வரும், எதற்கு வேறு கருவி பொருத்தம் என்பவைதான் தேவை. பிழைச்செய்தியும் ஆவணமே: 'உறுப்பு கிடைக்கவில்லை' என்று நிறுத்துவதைவிட அடுத்த படியையும் சொல்வது நல்லது. வேகச் சோதனையின் மூலப்பதிவு மிகப் பெரியதாகிவிடும் என்பதால், டெவ்டூல்ஸ் எம்சிபி அதன் சுருக்கத்தையே தருகிறது.

அணுகல் மரம் முதலில் பார்வையற்றோரின் ஸ்கிரீன் ரீடருக்காக ஏற்பட்டது. கன்னடத்திலோ தமிழிலோ உள்ள பெயரைப் படமாக மட்டும் பொத்தானில் ஒட்டி, மாற்று எழுத்து தராத பக்கம் பார்வையற்றோரையும் முகவரையும் ஒருசேரக் கைவிடுகிறது. முகவருக்காகவாவது இந்தக் குறை திருத்தப்படுமானால் நல்லதே, காரணம் சற்று வெட்கக்கேடானது என்றாலும்.

பாதுகாப்பு பற்றிய பகுதியை ஆவணங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளக் கூடாது. பக்கத்தில் மறைத்து எழுதிய வாசகத்தை முகவர் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. விவரிப்பில் எச்சரிக்கை சேர்ப்பது மட்டும் இதற்குப் போதாது. பிழைநீக்கப் போர்ட் திறந்திருந்தால் குக்கீகள் உட்பட உள்நுழைந்த கணக்குகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 2025இல் வந்த குரோம் 136 முதல், வழக்கமான பயனர் கோப்புறையில் இந்தப் போர்ட் திறப்பதில்லை. தனிக் கோப்புறை குறிப்பிட்டால்தான் திறக்கும் என்பதால், அதற்கு முந்தைய வழிகாட்டிகளின் தொடக்கக் கட்டளை பல இடங்களில் இப்போது வேலை செய்யாது.