பேரேட்டில் ஏறிய நாணயம்

1841-ல் நியூயார்க்கில் லூயிஸ் டப்பான் என்ற பட்டு வியாபாரி 'மெர்க்கன்டைல் ஏஜென்சி' என்று ஒரு தொழில் தொடங்கினார். அங்கே விற்ற சரக்கு, அடுத்தவரின் நாணயம். 1837 நெருக்கடியில் கடன் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். வெளியூர்க் கடைக்காரர்களில் யாரை நம்பலாம், யார் குடிகாரர், யாருக்குச் சொத்து உண்டு என்று அந்தந்த ஊர் வக்கீல்களிடம் எழுதி வாங்கிப் பேரேட்டில் ஏற்றினார். இளம் வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கனும் அப்படிக் குறிப்பு அனுப்பியவர்தான்.

சந்தா கட்டிய வியாபாரி நேரில் வந்தால் குமாஸ்தா வாசித்துக் காட்டுவார். தாளில் எழுதித் தருவதில்லை. அவதூறு வழக்குப் பயம். யாரைப் பற்றி எழுதினார்களோ, அவர் காதில் மட்டும் அது விழாது.

வியாபாரிகளோடு நின்ற இந்தக் கணக்கு பிறகு சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்தது. 1899-ல் அட்லாண்டாவில் வுல்ஃபோர்ட் சகோதரர்கள் தொடங்கிய 'ரீடெயில் கிரெடிட் கம்பெனி' காப்பீட்டு நிறுவனங்களுக்காகவும் ஆட்களை விசாரித்தது. விசாரிக்க வந்தவர் அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டுவார். குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, வீட்டுச் சுத்தம் எல்லாம் கோப்பில் ஏறும். திண்ணைப் பேச்சுக்குக் கோப்பு எண் கிடைத்ததுதான் புதுமை.

1960-களின் கடைசியில் இந்தக் கோப்புகள் கணினிக்குள் போகப்போகின்றன என்றதும் வாஷிங்டன் விழித்துக்கொண்டது. 1968-ல் நாடாளுமன்ற உறுப்பினர் கொர்னீலியஸ் காலகர் நடத்திய விசாரணையில், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வெஸ்டின் சாட்சி சொன்னார். செனட்டில் விஸ்கான்சின் உறுப்பினர் வில்லியம் ப்ராக்ஸ்மயர் மசோதாவைத் தூக்கிப் பிடித்தார். 1970 அக்டோபர் 26 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட, நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் பிறந்தது. பாதகமான பெரும்பாலான தகவல்களுக்கு 7 ஆண்டு ஆயுள். தவறென்று சொன்னால் மறுவிசாரணை. கடன் மறுத்தால் எந்த நிறுவனத்தின் அறிக்கையால் மறுத்தார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

ஆனால் பாருங்கள், கோப்பின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை அதில் இல்லை! "தன்மையும் சாரமும்" மட்டும் சொன்னால் போதும். டப்பான் காலத்தில் சந்தாதாரருக்கு வாய்மொழியாகக் கிடைத்தது, 130 ஆண்டு கழித்துச் சம்பந்தப்பட்டவருக்கும் வாய்மொழியாகவே கிடைத்தது. மருத்துவத் தகவலுக்கு அதுவும் கிடையாது. இதற்கிடையே ரீடெயில் கிரெடிட் 1975-ல் 'ஈக்விஃபாக்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

சட்டத்தின் ஓட்டையை வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூரான நார்விச் காட்டிக் கொடுத்தது. 1991-ல் 'டிஆர்டபிள்யூ' என்ற கடன் அறிக்கை நிறுவனத்துக்காகத் தகவல் திரட்டியவர், ஊர் அலுவலகத்தில் வரி கட்டியவர்களின் பட்டியலை வரி பாக்கிக்காரர்களின் பட்டியல் என்று நினைத்து எழுதிக்கொண்டு போனார். ஏறக்குறைய 1,400 பேர் ஒரே வீச்சில் நாணயம் கெட்டவர்களானார்கள். ஒழுங்காக வரி கட்டியதுதான் அவர்கள் செய்த தவறு. ஆளுக்கு ஆள் கடன் மறுக்கப்பட்ட பிறகே விஷயம் வெளியே வந்தது. அடுத்த ஆண்டே வெர்மான்ட், ஆண்டுக்கு ஓர் அறிக்கை இலவசம் என்று சட்டம் செய்தது. கோப்பிலுள்ளதை முழுதாகக் காட்ட வேண்டும் என்று 1996 திருத்தம் சொன்னது. இலவச அறிக்கை நாடு முழுவதற்கும் வர 2003 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2017-ல் ஈக்விஃபாக்ஸின் கணினிகளிலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடுபோயின. 2018 செப்டம்பர் 21 முதல், பிறர் பார்க்காதபடி கோப்பை முடக்கி வைப்பது நாடு முழுதும் இலவசமானது. அதுவரை பல மாநிலங்களில் மக்கள் தங்கள் கோப்பைப் பூட்டி வைக்க, அதைத் திறந்து விற்றுவந்த அதே நிறுவனங்களுக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.