லாரி படுக்கை ஹீட்டர்

லாரி படுக்கை ஹீட்டர் என்பது எஞ்சினை அணைத்த பிறகும் ஓட்டுநர் உறங்கும் கேபினைச் சூடாக வைத்திருக்கும் சிறிய டீசல் கருவி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நெடுந்தூர லாரிகளில் இது பரவலாக உள்ளது. இந்திய லாரிகளில் அரிது. கன்னியாகுமரி மாவட்டம் தோவாளையிலிருந்து காஷ்மீர் வரை செல்லும் சாலையைத் தொடர்ந்து பார்த்தால், அது அரிதாக இருப்பதன் காரணமும், அதனால் நேரும் இழப்பும் விளங்கும்.

சாலை

பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற தோவாளை, நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகக் காவல்கிணறு செல்லும் சாலையில் உள்ளது. காவல்கிணற்றில் இச்சாலை தேசிய நெடுஞ்சாலை 44-ஐ அடைகிறது. முன்பு என்.எச். 7 உட்பட ஏழு நெடுஞ்சாலைகளாக இருந்தவற்றின் பகுதிகளை இணைத்து உருவான அந்தச் சாலை, மதுரை, நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி வழியாக வடக்கே சென்று ஸ்ரீநகரை எட்டுகிறது. அதன் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல்.

தோவாளையில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. டிசம்பர் 21-ல் தொடங்கும் ‘சில்லை கலான்’ என்னும் நாற்பது நாள் கடுங்குளிரில் ஸ்ரீநகரின் இரவுகள் உறைநிலைக்குக் கீழே செல்கின்றன. அங்கிருந்து லே செல்லும் வழியில் உள்ள திராஸில் மைனஸ் 20 டிகிரியும் அதற்குக் கீழும் பதிவாவது உண்டு. பனிப்பொழிவாலும் நிலச்சரிவாலும் ஜம்மு–ஸ்ரீநகர் சாலை மூடப்படும்போது லாரிகள் நாள்கணக்கில் வழியிலேயே நிற்கின்றன. அப்போது கேபினே ஓட்டுநரின் வீடு.

கேபினும் சட்டமும்

தமிழகத்தில் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. நெடுங்காலம் தொழிற்சாலைகள் கேபின் இல்லாத சேசிஸை மட்டுமே பெருமளவில் விற்றன. மரச்சட்டமும் தகரமும் கொண்டு கேபினைக் கட்டியவை இந்தப் பட்டறைகள்தான். எஞ்சின் ஓட்டுநரின் பக்கத்திலேயே அனல் கக்கியதால், காற்று உள்ளே வருவதே அவர்களின் கவலையாக இருந்தது. குளிரைத் தடுக்கும் அடைப்பு அவர்கள் கணக்கில் இல்லை.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றன. மாற்று ஓட்டுநர் கால்நீட்டிப் படுக்க, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முழு அகலத்துக்கு ஓர் இருக்கை வேண்டும் என்றும் கூறின. 2018-ல் இரண்டு ஓட்டுநர் நிபந்தனை நீக்கப்பட்டது. 2023 டிசம்பரில் வந்த அறிவிக்கையின்படி, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படுபவற்றின் கேபினில் ஏ.சி. கட்டாயம்.

ஆனால் எஞ்சினால் இயங்கும் ஏ.சி., எஞ்சின் நின்றால் நின்றுவிடும். எஞ்சினின் சூட்டு நீரால் இயங்கும் வழக்கமான கேபின் ஹீட்டரும் அப்படியே. வண்டி ஓடும்போது கிடைக்கும் வசதி, ஓட்டுநர் உறங்கும்போது கிடைப்பதில்லை.

தோற்றம்

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டவற்றில் இரண்டு ஜெர்மானிய நிறுவனங்கள் முக்கியமானவை. எஸ்லிங்கன் நகரில் 1865-ல் யாக்கோப் எபர்ஷ்பெஹர் தொடங்கியது ஒன்று. அதே நகரில் 1901-ல் வில்ஹெல்ம் பையர் தொடங்கிய வெபாஸ்டோ மற்றொன்று. எரிபொருளைத் தனியே எரித்துச் சூடு தரும் கருவிகள் முதலில் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் வந்தன. பிறகு லாரிப் படுக்கைக்கு ஏற்றபடி சிறிதாயின.

எரிபொருள் செலவும் காற்று மாசும் இவற்றின் பரவலுக்குத் துணைசெய்தன. படுக்கை வசதி கொண்ட லாரிகளும் நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிடக்கூடாது என்ற கட்டுப்பாடு கலிபோர்னியாவில் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு 2, 3 லிட்டர் டீசல் செலவாகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு மணிக்குச் சுமார் 0.1 முதல் 0.28 லிட்டர் போதும். எட்டு மணி நேர உறக்கத்துக்கு அது ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டேகால் லிட்டர்.

இயங்கும் முறை

சிறு பம்ப் ஒன்று தொட்டியிலிருந்து டீசலைச் சொட்டுச் சொட்டாக எரியறைக்கு அனுப்பும். க்ளோ பிளக் அதைப் பற்றவைக்கும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும். புகை தனிக்குழாயில் வெளியே போகும். கேபின் காற்று எரியறையின் உலோகச் சுவரைச் சுற்றி ஓடிச் சூடாகும். தீயும் மூச்சுக்காற்றும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதே இக்கருவியின் சிறப்பு.

காஷ்மீரின் காங்கிரி என்னும் கணப்புச்சட்டியிலும், கேபினுக்குள் மூட்டும் கரியடுப்பு, கேஸ் அடுப்பு ஆகியவற்றிலும் இந்தப் பிரிவு இல்லை. அடைத்த அறையில் அவை கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சை நிரப்பும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோகலாம். இத்தகைய இறப்புச் செய்திகள் வட இந்தியக் குளிர்காலங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

தேர்வும் பயன்பாடும்

லாரிக் கேபினுக்கு 2 கிலோவாட் பொதுவாகப் போதும். தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் எப்போதும் குறைந்த தீயிலேயே எரிந்து உள்ளே கரி படியும். வாரத்தில் சில முறையாவது முழு வேகத்தில் ஓடவிட்டால் கரி குறையும். கனரக லாரிகளில் மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட், சிறிய வண்டிகளில் 12 வோல்ட் என்பதால் அதற்கேற்ற கருவியே வாங்க வேண்டும்.

டீசல் எடுக்கும் குழாய் தொட்டியின் அடிவரை செல்லக்கூடாது. அப்போதுதான் ஹீட்டர் டீசலை முழுதும் தீர்த்துவிடாது. புகைக்குழாயின் வாய், காற்று உள்ளே வரும் வாயிலிருந்து விலகி இருக்க வேண்டும். பனியாலோ சேற்றாலோ அடைபடக்கூடாது. டீசல் நிரப்பும் முன் ஹீட்டரை அணைக்க வேண்டும். அணைத்ததும் சில நிமிடம் விசிறி ஓடிக் கருவி குளிரும்வரை பேட்டரி இணைப்பைத் துண்டிக்கக்கூடாது. கோடையிலும் மாதம் ஒருமுறை சிறிது நேரம் ஓட்டுவது நல்லது. கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும்.

இமயச் சாலைக்குத் தனிக் கவனம் தேவை. ஸ்ரீநகர்–லே சாலையில் 4,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபோட்டு லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஆக்சிஜன் குறைவதால் டீசல் சரியாக எரியாமல் கரி பிடிக்கும். எனவே உயரத்துக்கேற்ப டீசல் அளவைக் குறைக்கும் வசதி கொண்ட ஹீட்டரையே தேர வேண்டும். கடுங்குளிரில் சாதாரண டீசல் மெழுகாகத் திரண்டு பம்பை அடைத்துவிடும். இதைத் தவிர்க்க, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் அறிமுகம் செய்தது.

இன்றைய நிலை

தென்னிந்திய லாரி உரிமையாளருக்கு ஆண்டில் சில இரவுகளுக்கு மட்டும் தேவைப்படும் கருவி இது. அதனால் செலவுக்கணக்கில் விடுபடுகிறது. எரிபொருளுக்கு மலைக்கேற்ற மாற்று வந்துவிட்டது, படுக்கைக்கும் ஏ.சி.க்கும் விதி வந்துவிட்டது. எஞ்சின் அணைந்த குளிர் இரவில் உறங்குபவரின் கதகதப்பு மட்டும் இன்னும் கம்பளியையும் கரியடுப்பையும் நம்பியே இருக்கிறது.