மறிச்சுக்கட்டிக்குப் போகும் வழி

நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம். கொழும்பு புறக்கோட்டையில் மச்சானின் புடைவைக் கடை வாசலில் வேனை நிறுத்திச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். அரிசி, கருவாடு, தேங்காய், கேஸ் அடுப்பு, பாய்கள், கயிறு. கடைசியாக நீல நிறத் தறப்பாள்கள் இரண்டு. இவற்றைப் பார்த்ததும் மாமா சிரித்துவிட்டார்.

“புத்தளத்துல இருவது வருசம் சும்மா படுத்தோம் மகன். இப்ப காசு குடுத்துப் படுக்கப் போறீங்க!”

மச்சானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்திலிருந்து வெளியேறியபோது எனக்கு வயது பதினொன்று. தறப்பாளின் மணம் இன்றும் என்னை அந்த வயதுக்கே இழுத்துச் சென்றுவிடும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் இளைய மகன். ‘எனது ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, “வாப்பா, நம்மட ஊர் புத்தளமா, மறிச்சுக்கட்டியா?” என்று கேட்டான். பிள்ளைகளுக்கு இருபது வருடம் வரலாறு படிப்பித்த எனக்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை. அவசரமில்லாமல் வழியெல்லாம் தங்கித் தங்கிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன். மறிச்சுக்கட்டியில் பிறந்த மாமாவையும் கூட்டிக்கொண்டோம்.

இந்தக் கரையோரப் பாதை புதியதன்று. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இலங்கையில் இறங்கிய இடத்தை ‘பத்தாலா’ என்று குறிப்பிடுகிறார். அது இன்றைய புத்தளம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால், அவரது ஆட்சிப் பகுதியிலேயே குளித்தெடுத்த முத்துக்கள் வைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். பாவாதமலைக்குப் போய்த் திரும்பும் வழியில் கொழும்பையும் பார்த்தார். அதனை அவர் ‘கலன்பு’ என்று எழுதியுள்ளார். அவர் தெற்கு நோக்கிப் போன கரையில் நாங்கள் வடக்கு நோக்கிப் போனோம். நீர்கொழும்பு, சிலாபம் கடந்து அன்றிரவு புத்தளத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கினோம்.

மறுநாள் ஜீப் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, வண்ணாத்திவில்லு வழியாக எழுவன்குளம் வாயிலால் வில்பத்துச் சரணாலயத்தினுள் புகுந்து குதிரைமலைக்குப் போனோம். மலை என்று பெயரே தவிர, அது கடலை நோக்கித் துருத்தி நிற்கும் ஒரு செம்மண் முனை. அடியில் மயோசின் காலத்துச் சுண்ணக்கல். அதன்மேல் செங்கல் பொடித்துக் கொட்டியதுபோல் மண். காற்றும் மழையும் அரித்த இடங்களில் சிவப்பும் மஞ்சளும் கபிலமுமாக வரிவரியாகத் தெரிகிறது. கீழே கடல் பச்சையாகக் கிடக்கிறது. விஜயன் வந்திறங்கிய ‘தம்பபண்ணி’ இதுவே என்போர் உண்டு. மண்ணில் ஊன்றிய கைகள் செம்பு நிறமானதால் அப்பெயர் வந்ததென்று மகாவம்சம் கூறுகிறது. ரோமப் பேரரசர் குளோடியஸ் காலத்தில் அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் வடக்கிலிருந்து வீசிய காற்றில் அடிபட்டு இலங்கையின் ‘ஹிப்புரோஸ்’ துறையில் கரையொதுங்கியதாகப் பிளினி எழுதியுள்ளார். அதனையும் குதிரைமலையோடு இணைத்துப் பேசுவர். கிரேக்கத்தில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. பெயர் ஒற்றுமை ஒன்றே முழுச் சான்றாகாது. ஆயினும் இத்துறையை மேற்குலகு அறிந்திருந்தது என்ற எண்ணமே மகனின் கண்களை விரியச் செய்தது.

அங்கிருந்து காட்டினூடாக வடக்கே போனால் மறிச்சுக்கட்டி கிட்ட. ஆனால் சரணாலயத்தை ஊடறுக்கும் அந்த வீதி பற்றிய சர்ச்சை நீதிமன்றம் வரை சென்ற ஒன்று. ஆகவே புத்தளம் திரும்பி, அனுராதபுரம், மதவாச்சி, முருங்கன் என்று ஒரு பெரிய வட்டம் சுற்றினோம். “கண்ணுக்கு முன்னால இருக்கிற ஊருக்கு ஊரெல்லாம் சுத்திப் போறம்” என்றார் மாமா. எங்களுடைய முப்பது வருடக் கதையையே சொல்கிறாரோ என்றிருந்தது.

சிலாவத்துறைக்கு அருகே உறவினர் ஒருவரின் கடலோரக் காணியில் தறப்பாளைக் கட்டினோம். மாலையில் அரிப்புக்குப் போய் ‘அல்லிராணிக் கோட்டை’யைப் பார்த்தோம். ஊரார் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அது அல்லி கட்டியதுமன்று, கோட்டையுமன்று. முதலாவது பிரித்தானிய ஆள்பதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. கிரேக்கத்து ‘டொரிக்’ பாணித் தூண்கள். செங்கல்லுக்கு மேல் சிப்பி சுட்ட சுண்ணாம்புச் சாந்து. இருநூறு வருடங்களாகக் கடல் அந்த மண்மேட்டைத் தின்றுகொண்டே வர, கட்டடம் துண்டுதுண்டாகக் கரையில் விழுகிறது. சற்றுத் தள்ளி இருப்பது உண்மையான கோட்டை. போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பிவந்து சேர்ந்தது அங்கேதான்.

மகன் கேட்டான்: “முத்துக் குளிச்சவங்க எங்க வாப்பா இருந்தாங்க?”

சரியான கேள்வி. அவர்கள் இருந்தது தறப்பாள் போன்ற ஒன்றில்தான். இரு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் அமைதியாகும் மாசி, பங்குனி மாதங்களில், கொண்டச்சிக் குடாவிலும் மறிச்சுக்கட்டியிலும் கிடுகாலும் தடியாலும் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரை, காயல்பட்டினத்துச் சோனகரும், தமிழரும், பாரசீகக் குடாவின் அறபிகளும், பல தேசத்து வியாபாரிகளுமாகப் பல்லாயிரம் பேர். கடைத்தெரு, நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாம் இருக்கும். ஆறேழு வாரத்தில் அத்தனையும் கலைந்து மணல் மட்டும் மிஞ்சும்.

குளியாளி கல்லைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போவான். மூச்சு முட்டும்வரை சிப்பியைக் கூடையில் அள்ளுவான். மேலே தோணியில் இருப்பவன் கயிற்றை இழுப்பான். கரையில் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு; ஒன்று உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு. அரசின் பங்கு அன்றிரவே ஏலம் போகும். 1906இல் மறிச்சுக்கட்டியில் இந்த வேலையை மேற்பார்வை செய்த அதிகாரிகளுள் ஒருவர் லெனார்ட் வூல்ப். பிற்காலத்தில் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்பின் கணவரானவர். அக்காட்சிகளைத் தன் சுயசரிதையில் பதிந்திருக்கிறார்.

1905இல் அள்ளிய சிப்பிகள் எட்டுக் கோடி வரை இருக்கும். மறு வருடம் முத்துப் பார்கள் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்குப் போயின. 1907க்குப் பின் சிப்பி விளையவில்லை. 1925இல் ஒரு முறை குளித்தார்கள், அதோடு முடிந்தது. அப்போது ஜப்பானில் விளைவித்த வளர்ப்பு முத்தும் சந்தையைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

இரவு மீன் குழம்பும் சோறும் தின்றுவிட்டுத் தறப்பாளின் கீழ்ப் படுத்திருந்தோம். மாமா மெல்லப் பேசத் தொடங்கினார். “என்ட மூத்தவாப்பா சொல்லுவார். சிப்பி அழுகிற நாத்தம் ஊருக்குள்ள வந்தா அந்த வருசம் ஊருக்குச் சாப்பாடு இருக்கெண்டு அர்த்தம்.” சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “தொண்ணூறுல கதவப் பூட்டித் துறப்ப எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். வந்து பாத்தா, பூட்டு மட்டுமில்ல, செவரே இல்ல” என்றார்.

வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டனர். ஆயுதமேந்தியோரின் கட்டளைக்கு முன்னால் கையில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். 2009இல் போர் முடிந்து திரும்பியபோது வீட்டு வளவுகளில் மரம் வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு எழுந்தது வேறொரு கேள்வி: இங்கே ஊர் இருந்ததற்கு என்ன ஆதாரம்? காணி உறுதிகள் பலரிடம் இல்லை. காடு காப்பாற்றப்பட வேண்டியதுதான். யானைக்கும் வழி வேண்டும். அதை மறுப்பவனல்லன் நான். ஆனால் நாங்கள் காட்டை வெட்டிப் புதிதாக வந்தவர்கள் என்று யாராவது சொல்லும்போது மாமாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்காரரின் குறிப்புகளில் மறிச்சுக்கட்டியும் கொண்டச்சியும் பெயரோடு இருக்கின்றன. அவை காணி உறுதிகளல்ல. அவற்றைக் காட்டி ஒரு பேர்ச் நிலமும் கேட்க முடியாது. அவற்றில் ஆள்பதியின் பெயரும் அதிகாரியின் பெயரும் உண்டு. கடலடிக்குப் போன மனிதரின் பெயரோ, ஊரில் கிணறு வெட்டியவரின் பெயரோ இல்லை. கல்லில் கட்டியவரின் மாளிகையைக்கூட ஊர் அல்லிக்குக் கொடுத்துவிட்டது. கிடுகில் வாழ்ந்தவரை யார் நினைப்பார்?

காலையில் மறிச்சுக்கட்டிக்குப் போனோம். மாமா ஒரு புளிய மரத்தடியில் நின்று, பள்ளிவாசல், கிணறு, பாடசாலை, யார் யார் வீடு என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். மகன் கொப்பியில் படம் கீறிக் குறித்துக்கொண்டான். பதினேழு வீடுகளின் பெயர் சேர்ந்தது. பதினெட்டாவது வீட்டுக்காரரின் பெயர் மாமாவுக்கு நினைவுக்கு வரவில்லை. வேன் முருங்கன் தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

வாசகர்களுள் ஆசிரியர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் வகுப்பிலும் இப்படியொரு மூத்தவாப்பாவைக் கொண்ட பிள்ளை இருக்கும். கொப்பியும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். பதினெட்டாவது பெயர் மறந்துபோவதற்கு முன்னால் அனுப்புங்கள்.